பகலில் பூட்டிய வீடுகள்

அந்தப் புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பூட்டிக் கிடந்த எதிர்வீட்டுக் கதவை யாரோ உள்ளிருந்து தட்டினார்கள்.

அவன் கூடத்துச் சோபாவில் கண்களை மூடிப் படுத்திருந்தான். மிளகாய்க் கையால் தொட்டதுபோல இரண்டு கண்ணும் எரிந்தன. இமையோரத்தில் பீளை காய்ந்து ஒட்டியிருந்தது. பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் ஆய்வகத்தில் அவனுக்கு வேலை. முந்தைய நாள் அவன் சிவந்த கண்களோடு போய் நின்றதும் மேலாளர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். "ஒருத்தருக்குப் பல்லு வெக்கப் போயி இங்க எட்டுப் பேருக்குக் கண்ணு போயிடும்பா. திங்கக்கிழமை வரைக்கும் இந்தப் பக்கமே வராத" என்றார். ஐந்து நாள் விடுப்பு. எழுதிக்கூடக் கேட்கவில்லை. அவன் மேசையிலிருந்த மெழுகு அச்சுகளைப் பக்கத்து மேசைக்காரர் அப்போதே தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

இந்தக் குடியிருப்புக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. ஐந்து மாடி, மாடிக்கு நான்கு வீடு, ஒரே அச்சில் வார்த்தாற்போலப் பதினாறு கட்டடங்கள். இதன் விடியற்காலைச் சத்தம் அவனுக்கு மனப்பாடம். ஐந்தரைக்குத் தண்ணீர் மோட்டார் உறுமும், குழாய்கள் இருமும், மேலும் கீழும் குக்கர்கள் மாறி மாறிக் கத்தும், ஆறேகாலிலிருந்து பூட்டுகளின் சத்தம் தொடங்கும், மாடி மாடியாக, வீடு வீடாக, யாரோ பெரிய நாணயங்களைப் படிக்கட்டில் உருட்டிவிட்டதுபோல. பிறகு மொத்தக் குடியிருப்பும் ரயில் நிலையத்தைப் பார்த்து ஒரே திசையில் நடக்கும். அங்கே ஒருவருக்கொருவர் முகத்தைவிட முதுகுதான் பழக்கம். எந்த வழுக்கைத் தலை எந்தப் பெட்டியில் ஏறும், எந்தத் தோள்பை எந்த நிறுத்தத்தில் இறங்கும் என்பது தெரியும். பெயர் தெரியாது. மாலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் திரும்பி வந்து, அதே பூட்டுகளைத் திறந்து, தின்றுவிட்டுத் தூங்குவார்கள். காலை ஏழரைக்கும் மாலை ஆறரைக்கும் நடுவில் இந்த இடம் எப்படி இருக்கும் என்று அவன் கேட்டதே இல்லை.

எப்படி இருந்தது என்றால், கிணற்றுக்குள் இருப்பதுபோல இருந்தது. புறா ஒன்று எங்கோ தொண்டையை உருட்டியது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. வெயில் ஏற ஏறச் சுவர்கள் மெல்ல முனகிச் சோம்பல் முறித்தன. அதற்கு நடுவில்தான் அந்தத் தட்டல்.

விரல் முட்டியால் தட்டியதல்ல. உள்ளங்கையால். இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று.

குழாயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். புறாவாக இருக்கும். எழுந்து போய்ப் பார்க்கலாம் என்றும் நினைத்தான். நினைத்தபடியே படுத்திருந்தான். தட்டல் அவசரமில்லாமல், கோபமில்லாமல், திறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையோடு நெடுநேரம் தொடர்ந்தது. நின்றபோது அவன் பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சு அவன் காதிலேயே அசிங்கமாக விழுந்தது.

ஏனென்றால் அந்தக் கை யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

எழுந்து கதவைத் திறந்து நடைபாதைக்கு வந்தான். நான்காவது மாடி நடைபாதை பகலிலும் பாதி இருட்டு. எதிர்வீட்டுக்காரரும் அவர் மனைவியும் தாழ்ப்பாளில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பூட்டைத் தொங்கவிட்டுப் போகிறவர்கள். பூட்டு இருந்தது. காற்றே இல்லாத அந்த நடைபாதையில் அது மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க ஆட்டம் குறைந்து நின்றது.

குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எண்ணைத் தேடி எதிர்வீட்டுக்காரருக்குப் போன் செய்தான்.

"சார், உங்க வீட்ல யாராவது இருக்காங்களா?"

"எங்க வீட்லயா? பல்லி கூடத் தனியா இருக்கப் பயப்படும் சார் எங்க வீட்ல. ஏன், என்னாச்சு?" பின்னணியில் தட்டச்சுச் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டன.

"ஒண்ணுமில்ல. உள்ள ஏதோ சத்தம் கேட்ட மாதிரி..."

"சார், நீங்க இன்னைக்கு வேலைக்குப் போகலையா?" என்றார் அவர். குரலிலிருந்த சிரிப்பு போயிருந்தது. ஆளில்லாத பகலில் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கிறவனைப் பற்றி யாரும் நினைப்பதைத்தான் அவரும் நினைத்தார்.

*

அக்கா இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

அவனுக்கு ஒன்பது வயதில் தாய் போனபின் அவனை வளர்த்தவள் அவள்தான். இருபத்திரண்டு வருடம் பஞ்சாலையில் நின்று, நூல் அறுத்து அறுத்து, உள்ளங்கை இரண்டும் பலகைபோல ஆனவள். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தால், "இவன் ஒருத்தனே போதும், இன்னொருத்தனுக்கு வேற சமைக்கணுமா?" என்று சிரிப்பாள். ஐம்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தாள். ஆனால் உள்ளே ஏதோ கழன்றுபோனது. நாள், கிழமை, அடுப்பை அணைத்தோமா என்பது, எல்லாம் நழுவியது. அவனை மட்டும் மறக்கவில்லை. அதுதான் தொல்லையாயிற்று. அவன் வேலைக்குப் போனபின் அவனைத் தேடிக்கொண்டு நைட்டியோடு ரயில் நிலையத்துக்கு வந்துவிடுவாள். முதல் முறை நடைமேடையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் முறை தண்டவாளத்தில் இறங்கியிருந்தாள்.

அதன் பிறகுதான் கதவுக்கு வெளியே கொண்டி அடித்தான். அவன் மனைவி ஒரு பள்ளியில் ஆசிரியை; அதே பள்ளியில் படிக்கும் மகளை அழைத்துக்கொண்டு அவள் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். கடைசியாகக் கிளம்புகிறவன் அவன். அக்காவுக்கு மேசையில் சாப்பாடு, மாத்திரை, தண்ணீர், போன். கொண்டியில் பூட்டு. படிக்கட்டில் இறங்கும்போது பின்னால் உள்ளங்கைச் சத்தம் கேட்கும். இரண்டு. இடைவெளி. ஒன்று. இரண்டாவது மாடி தாண்டினால் காலை இரைச்சலில் கேட்காது.

அவள் இறந்த அன்று பள்ளியில் ஆண்டு விழா. மனைவியும் மகளும் ஒன்பதுக்குத்தான் வருவதாக இருந்தது. எட்டுமணிக்கு அவன் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியபோது கதவு போகவில்லை. உள்ளே ஏதோ சாய்ந்திருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினான். அந்தக் கனம் மெதுவாக, மெதுவாக விலகிக் கொடுத்தது.

அதற்குப் பிறகு அவன் செய்தவற்றின் வரிசையைத்தான் அவனால் மறக்க முடியவில்லை. முதலில் அழவில்லை. முதலில் போனை எடுத்து, அவளிடமிருந்து வந்திருந்த பதினோரு அழைப்புகளையும் அழித்தான். அவள் போனிலும் அழித்தான். பிறகு திருப்புளி எடுத்துக் கொண்டியைக் கழற்றினான். நான்கு திருகாணித் துளைகளிலும் பல் அச்சு மெழுகைப் பழுப்புச் சாயத்தோடு குழைத்து அடைத்தான். அவன் வேலையே அதுதானே, இல்லாததை இருப்பதுபோலக் காட்டுவது. அதன் பிறகே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். கதவு பூட்டியிருந்ததா என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, "இல்ல சார், சும்மா சாத்தியிருந்துச்சு" என்றான். மருத்துவர் அவன் தோளைத் தட்டி, "மதியம் வரைக்கும் இருந்திருப்பாங்க. ரொம்பக் கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க" என்றார். அந்த இரண்டு வாக்கியமும் எப்படி ஒன்றாக உண்மையாக முடியும் என்று அவர் யோசிக்கவில்லை.

*

பன்னிரண்டு மணிக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினான். காவலாளி நிழலில் நாற்காலி போட்டு வெற்றுக்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் செருப்பைத் தேடினார்.

"பரவால்ல, உக்காருங்க. மேல யாராவது வேலை செய்யறாங்களா?"

"யாரு சார் செய்வா? பகல்ல இந்த பில்டிங்ல நானும் புறாவுந்தான். அதுங்களுக்காவது கூட்டாளி இருக்கு."

"தட்டற சத்தம் கேட்டுச்சு."

காவலாளி காலைச் சொறிந்துகொண்டார். "கேக்கும் சார். அன்னைக்கும் கேட்டுச்சு. உங்க அக்கா தவறினாங்களே, அன்னைக்கு. யார் வீட்லயோ தச்சு வேலை போலன்னு இருந்துட்டேன். காலையில ஆரம்பிச்சது, நான் சாப்பிட உக்கார்ற வரைக்கும் விடல. ஒரு மணி இருக்கும். அப்புறம் நின்னுபோச்சு." நிமிர்ந்து பார்த்தார். "ஏன் சார், கண்ணுல தண்ணி வருது?"

"கண் நோய்" என்றான் அவன்.

மாலை ஆறேமுக்காலுக்கு மனைவியும் மகளும் வந்தார்கள். கண் நோய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மகளைப் பக்கத்தில் விடவில்லை. அவள் அறை வாசலில் நின்றபடியே பள்ளிக் கதைகளைச் சொன்னாள். அவள் தூங்கப் போனபின், மனைவி அவனுக்குச் சொட்டு மருந்து போட வந்தாள். அவன் தலையைத் தன் மடியில் சாய்த்து, இமையைப் பிரித்து, ஒரு சொட்டு விட்டாள்.

"ஒண்ணு கேக்கவா?"

"ம்."

"அன்னைக்கு அண்ணி உங்களுக்குப் போனே பண்ணலையா? சும்மாவே நாளைக்கு நாலு தடவ பண்ணுவாங்களே."

மருந்து எரிந்தது. கண்ணை மூடிக்கொள்ள அது நல்ல சாக்கு.

"பண்ணல."

"எனக்கும் பண்ணல." அவள் விரல் அவன் நெற்றியில் அப்படியே நின்றது. "என் நம்பரை ஒரு சீட்டுல எழுதி ஒட்டியிருக்கலாம். வாட்ச்மேன்கிட்ட ஒரு சாவி குடுத்துருக்கலாம். நான் சொன்னேன், நீங்கதான் வெளிய தெரிஞ்சா அசிங்கம்னீங்க. நானும் விட்டுட்டேன். தெனம் இதையே நெனச்சுக்கிட்டு ட்ரெயின்ல நிக்கறேங்க."

அவள் தன் பங்குக்கும் மேலே சுமந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் பாதியை இறக்கி வைத்துவிடுவாள். அந்த ஒரு வார்த்தை அவன் நாக்கின் அடியில்தான் இருந்தது. "தூங்கு, காலையில எந்திரிக்கணும்" என்றான்.

*

வியாழக்கிழமை ஆறேகாலுக்குப் பூட்டுகள் உருண்டன. ஏழரைக்கு அடங்கின. அவன் சோபாவில் படுக்கவில்லை. நாற்காலியை வாசலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டான். சுவரெல்லாம் காலைச் சமையலின் எண்ணெய் மணம் இன்னும் ஒட்டியிருந்தது. அது மெல்ல ஆறிப்போனபோது அதற்கடியிலிருந்து வேறொரு மணம் எழும்பியது, நனைந்த பஞ்சு மூட்டையைப் பிரித்தால் வருவதுபோல. ஆலையிலிருந்து அக்கா வரும்போது அவள் தலைமுடியில் இருக்கும் மணம்.

ஒன்பதரைக்கு எதிர்வீடு.

பிறகு அதற்குப் பக்கத்து வீடு. பிறகு நடைபாதையின் கடைசி வீடு. ஒன்று ஓய்ந்தபின் இன்னொன்று. யாரோ ஒவ்வொரு வீடாக நுழைந்து, கதவு திறக்காது என்று கண்டு, அடுத்ததற்குப் போவதுபோல.

அவன் வெளியே வந்தான். கதவு தன்னால் சாத்திப் பூட்டிக்கொண்டது. சாவி சட்டைப்பையில் இருந்தது. தட்டல் கீழ்மாடிக்கு இறங்கியிருந்தது. அவனும் இறங்கினான். ஏன் போனான் என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது. ஒருவேளை, கேட்டும் போகாமல் இருப்பதை இன்னொரு முறை செய்ய அவனால் முடியாமல் இருந்திருக்கலாம்.

மூன்றாவது மாடியில் முதல் வீடு. வாசலில் ஒரு குழந்தையின் சைக்கிள் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. பூட்டு ஆடிக்கொண்டிருந்தது. கதவில் காதை வைத்தான். மரம் சில்லென்றிருந்தது. அந்தப் பக்கம், அவன் காதுக்கு நேராக, மூச்சு.

"தம்பி."

அவன் அசையவில்லை.

"ட்ரெயின் வந்துடுச்சாடா?"

கேட்டது பேயின் குரல் இல்லை. சாதாரணக் குரல். கொஞ்சம் களைத்த, கொஞ்சம் வெட்கப்பட்ட, தொந்தரவு செய்கிறோமே என்று தயங்கும் குரல். அன்று காலை ஆறு நாற்பத்தெட்டுக்குப் போனில் கேட்ட அதே குரல். பதினோரு அழைப்பில் முதலாவதை அவன் எடுத்திருந்தான். இதை அவன் தன்னிடம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"தம்பி, நெஞ்சு என்னமோ பண்ணுதுடா. கதவத் தொறந்து வெச்சுட்டுப் போயேன்."

"இப்பத்தான்க்கா ஸ்டேஷன் வந்தேன். மாத்திரையப் போட்டுட்டுப் படு."

"ஒரு தடவ வந்துட்டுப் போடா."

"ட்ரெயின் வந்துடுச்சுக்கா. வைக்கிறேன்."

ரயில் வந்திருக்கவில்லை. பலகையில் நான்கு நிமிடம் என்று இருந்தது. வீடு ஒன்பது நிமிட நடை. ஓடினால் ஐந்து. அடுத்த ரயில் பதினைந்து நிமிடத்தில் உண்டு. தாமதமாகப் போனால் மேலாளர் முகத்தைச் சுளிப்பார். அவ்வளவுதான். அவன் போனின் சத்தத்தை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, வழுக்கைத் தலைக்குப் பின்னால் தன் வழக்கமான இடத்தில் போய் நின்றான்.

"வந்துடுச்சா?" என்றது கதவு. "சரி சரி. ஏறிக்கோ."

அவன் படிக்கட்டை நோக்கி ஓடினான். ஏறுவதா இறங்குவதா என்று தெரியவில்லை. கீழே இரண்டாவது மாடியில் நான்கு கதவுகள் ஒரே நேரத்தில். அதற்கும் கீழே நான்கு. படிக்கட்டுக் கிணறு முழுவதும் உள்ளங்கைகள். ஏறினான். தன் வீடு. தன் கதவு. சாவியை எடுத்தான்.

எல்லாம் நின்றது.

புறா இல்லை. தண்ணீர்ச் சொட்டு இல்லை. அவன் மூச்சு மட்டும். சாவியைத் துவாரத்தில் வைத்தான்.

கதவு தட்டியது. அவன் வீட்டுக் கதவு. உள்ளிருந்து.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

"இன்னைக்கு வேலைக்குப் போகலையாடா?"

சாவி துவாரத்தில்தான் இருந்தது. திருப்பினால் போதும். அரைத் திருப்பு. ஏழு வாரமாக அவன் கனவில் செய்துகொண்டிருந்தது அதைத்தான்: ரயிலை விட்டு, ஓடி வந்து, மூச்சு வாங்க, சாவியைத் திருப்புவது. கனவில் அவள் எப்போதும் உயிரோடு இருப்பாள். இங்கே கதவின் கீழ் இடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல் விழுந்திருந்தது. அசையாத நிழல். பெருவிரல்கள் கதவைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"லீவு குடுத்தாங்களா?" என்றாள் அக்கா. "நல்லது. எத்தன நாளு?"

அவன் சாவியை உருவிக்கொண்டு ஓடினான்.

*

ரயில் நிலையம் பகலில் வேறு இடமாக இருந்தது. நடைமேடையில் ஆளே இல்லை. அறிவிப்புக் குரல் வெற்று பெஞ்சுகளிடம் கதவுகளை விட்டு விலகி நிற்கச் சொன்னது. பெஞ்சில் உட்கார்ந்தான். வந்த ரயில்களெல்லாம் வாய் திறந்து, ஒன்றும் விழுங்காமல், மூடிக்கொண்டு போயின. வெயில் ஒரு நடைமேடையிலிருந்து அடுத்ததற்கு மாறியது. தேநீர் வாங்கினான். குடிக்காமலே ஆறியது.

மனைவிக்குப் போன் செய்ய இரண்டு முறை எடுத்தான். வகுப்பில் இருப்பாள் என்று வைத்துவிட்டான். நேரில் சொல்லிவிடலாம். ஆறரை ரயிலில் இறங்குவார்கள். வீட்டுக்குப் போக விடக்கூடாது. அவர்களை இங்கேயே நிறுத்தி, ரயிலேற்றி, அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டும். முழுதும் சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டிய வாக்கியங்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தான். அக்கா போன் பண்ணா. பதினோரு தடவ. ஒண்ண நான் எடுத்தேன். மூன்று வாக்கியம். குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஐந்தரைக்கு மேல் கூட்டம் தொடங்கியது. ரயிலுக்கு ரயில் பெருகியது. ஆறரை ரயில் மேம்பாலத்துக்கு அடியில் வளைந்து வந்தபோது எழுந்து தூணோரம் நின்றான். கதவுகள் திறந்தன. வியர்வையும் இரும்பும் கசங்கிய துணியும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. நூற்றுக்கணக்கான தலைகள். நடுவில் மனைவியின் நீலத் துப்பட்டா. அவள் கையைப் பிடித்தபடி மகள், பாதித் தூக்கத்தில், பையைத் தரையில் இழுத்துக்கொண்டு.

அவன் ஓரடி முன்னால் வைத்தான்.

வீட்டுக்குப் போகக்கூடாது என்று சொன்னால், ஏன் என்பாள். வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்றால், யார் என்பாள். அக்கா என்றால், உங்களுக்குக் கண் நோய்தான், போன ஏழு வாரமாகத் தூக்கமில்லை என்பாள். இல்லை, அவள் பேசினாள் என்றால், என்ன பேசினாள் என்பாள். அங்கேதான் வந்து நிற்கும். எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும். கூட்டத்தின் நடுவில், மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க.

அவர்கள் தூணைக் கடந்தார்கள். கை நீட்டினால் மகளின் தலையைத் தொட்டிருக்கலாம்.

"அப்பா வீட்லதான இருப்பாங்க?" என்று மகள் கேட்டாள்.

"வீட்லதான் இருப்பாங்க."

அவன் தூணுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நகர்ந்தான். கறுப்புக் கண்ணாடி. யாருக்கும் தெரியாது. நீலத் துப்பட்டா படிகளில் ஏறியது. மறைந்தது.

ஒரு நிமிடம் நின்றான். தன்னை விட்டுப் பிரிந்து நின்று தன்னைப் பார்த்தான். பிறகு, தான் என்ன செய்திருக்கிறோம் என்பது உறைத்தது. ஓடினான்.

ஓட முடியவில்லை. குடியிருப்பு முழுவதும் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. ஒரே திசை. ஒரே நடை. முதுகுகள். "கொஞ்சம் வழி விடுங்க" என்றான். யாரும் திரும்பவில்லை. "என் பொண்ணு... வழி விடுங்க." காதில் பாட்டு வைத்திருந்த முதுகுகள். போனைக் குனிந்து பார்த்த முதுகுகள். இடித்தான். ஒருவன் திட்டினான். போனை எடுத்து மனைவியை அழைத்தான். அழைப்பு போனது. அவள் எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. பள்ளியில் அணைத்த சத்தத்தை அவள் வீட்டுக்குப் போய்த்தான் திறப்பாள்.

தெருமுனை திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

பதினாறு கட்டடங்களும் கறுத்து நின்றன. முதல் கட்டடத்தில் ஒரு ஜன்னல் ஒளிர்ந்தது. யாரோ வீடு வந்து விளக்கைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஜன்னலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தி. வெளிர்நிற நைட்டி. அவளுக்குப் பின்னால் அந்த வீட்டு மனிதர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இன்னொரு ஜன்னல். விளக்கு. அவள்.

மேலே ஒன்று. கீழே ஒன்று. மூன்று ஒன்றாக. எங்கெல்லாம் விளக்கு எரிந்ததோ அங்கெல்லாம் அவள். மனிதர்கள் அவளைக் கடந்து போய்த் தண்ணீர் குடித்தார்கள், தொலைக்காட்சியைப் போட்டார்கள், துணியை மடித்தார்கள். ஒருவரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமும் தெருவைத் தேடிக்கொண்டிருந்தது. அவன் நடக்க நடக்க, ஒவ்வொரு முகமும் அவனோடு திரும்பியது.

அவன் கட்டடம். நான்காவது மாடி.

இருட்டு.

"தொறக்காதே" என்றான். அந்த வார்த்தை தெருவைக்கூடத் தாண்டவில்லை.

விளக்கு எரிந்தது.

ஜன்னல் காலியாக இருந்தது. அவன் பார்த்தான். காலி. மனைவி பையை மேசையில் வைத்தாள். துப்பட்டாவை எடுத்தாள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அவள் வாயசைவில் தெரிந்தது. உள்ளறைக்குள் போனாள்.

மகள் ஜன்னலுக்கு வந்தாள். அப்பாவைத் தேடிக் கீழே பார்த்தாள். கண்டுகொண்டாள். சிரித்தாள். பெரிய சந்தோஷத்தோடு வலக்கையை ஆட்டினாள்.

இடக்கை மேலே தூக்கியிருந்தது. உயரமான யாரோ ஒருவரின் விரலைப் பிடித்து நடக்கும் குழந்தையின் கைபோல. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து நீண்டிருந்த ஓர் அகன்ற உள்ளங்கை அதைப் பத்திரமாக மூடிக்கொண்டிருந்தது.